சங்கிலியம்மாளின் நாற்பத்தொரு வசவுகள்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று எனக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு. பொய்யில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மலைச்சாமி அண்ணன் விஷயத்தில் நான் மூக்கை நுழைக்க வேண்டியே வந்ததில்லை. சன்னலைத் திறந்து வைத்தால் போதும். அவர் மனைவி சங்கிலியம்மாள் மதினியின் குரல் அப்படி. கம்பம் ஊரில் எங்கள் தெருவில் நின்று அவள் வைதால், சுருளிப்பட்டி ரோட்டில் போகிற பஸ்ஸில் நாலு பேர் தங்களைத்தான் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் குரல் போன சித்திரையில் போயிற்று. தொண்டையில் கட்டி. நரம்போடு ஒட்டியிருக்கிறது, குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் ஆபரேஷன் செய்தார். அதற்குப் பிறகு மதினிக்கு வருவது வெறும் காற்று. கோபம் வந்தால் டம்ளரைத் தரையில் ணங்கென்று வைப்பாள், அவ்வளவுதான். தெரு நிம்மதியானது. எனக்குத்தான் பொழுது போகவில்லை.

இன்னொரு புதிரும் சேர்ந்துகொண்டது. தினமும் மதியம் ஒரு மணிக்கு மதினி போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்காருவாள். கால் மணி நேரம். ஒரு வார்த்தை பேசமாட்டாள். எப்படிப் பேசுவாள்? சாமி பாட்டுக் கேட்கிறாள் என்று முதலில் சொல்லிவைத்தேன். பிறகு டிவி சீரியல் என்று திருத்திச் சொன்னேன். இரண்டையும் தெரு நம்பியது.

இனி கிளிக் கதையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றது விளங்காது. சுருளிப்பட்டிப் பக்கம் அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. பழம் கறுக்கத் தொடங்கினால் கிளியும் மைனாவும் பந்திக்கு வந்துவிடும். மினுங்குகிற நாடா கட்டிப் பார்த்தார், தகரம் தட்டினார், வெடி போட்டார். இரண்டு நாள் பயந்தன. மூன்றாம் நாள் நாடாமேலேயே உட்கார்ந்து தின்றன. ஒருநாள் மதியச் சோறு கொண்டுபோன மதினி, காலையில் தூக்குவாளியை மறந்துவிட்டு வந்ததற்காக அவரைப் பந்தலுக்கு அடியில் நிறுத்தி வைத்து வைதாள். பந்தலில் இருந்த கிளி மொத்தமும் எழும்பி மேகமலைப் பக்கம் போய்விட்டதாம். வேறொருவர் என்றால் அவமானப்பட்டிருப்பார். அண்ணன் மறுநாள் வேண்டுமென்றே தூக்குவாளியை மறந்தார், சட்டைப் பையில் போன் ரெக்கார்டரை ஓடவிட்டுக்கொண்டு.

மகள் சுபாஸ்ரீ பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச லேப்டாப் ஒன்று வீட்டில் கிடந்தது. அவள் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். அதன் பேட்டரி செத்துப் பல காலம். வயரில் சொருகினால்தான் உயிர். அதை மோட்டார் ரூமில் வைத்து, ஒரு குழாய் ஸ்பீக்கரை மாட்டினார். தோட்டத்துக்குக் கரண்டு வரும்போதெல்லாம் மோட்டாரோடு மதினியும் ஓடத் தொடங்கினாள். ஒரே வசவைப் போட்டால் கிளிக்குப் பழகிவிடும் அல்லவா? புதிது புதிதாக வேண்டும். அதற்காக மனிதர் நான்கு வருஷம் பாடுபட்டார். ரேஷன் கார்டை மறந்தார், புளி கேட்டால் மல்லி வாங்கினார், சேற்றுக் காலோடு அடுப்படிவரை நடந்தார். பாவம், இந்த வயதிலேயே இப்படி ஒரு மறதியா என்று நானே நாலு வீட்டில் வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு மதினி ஒரே ஒருநாள் தோட்டத்துக்குப் போனாள். குழாயில் தன் குரலைக் கேட்டவள் பாதி வழியில் திரும்பிவிட்டாள். அதன்பின் போகவில்லை. அண்ணன் காலையிலேயே சோற்றை எடுத்துக்கொண்டு போய்த் தனியாகச் சாப்பிட்டார்.

இந்த ஆயுத பூஜையன்றுதான் வினை. அவருடைய போன் அடிக்கடி அணைந்துபோகத் தொடங்கியிருந்தது. அதில் கிடந்ததையெல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நகல் எடுக்கவில்லை, இங்கே வெட்டி அங்கே ஒட்டுவது. முடிந்துவிட்டது என்று திரை காட்டியது. ராகு காலம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சந்தனம் வைக்கும்போது எந்த மெஷினும் ஓடக்கூடாது, எல்லாம் ஓய்வாக இருக்க வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். மோட்டாரை நிறுத்தினார், மருந்தடிக்கிற ஸ்பிரேயரை நிறுத்தினார், அதே கையோடு லேப்டாப்பின் வயரையும் பிடுங்கினார். சந்தனம், குங்குமம், மூடிமேல் ஒரு கைப்பிடி பொரிகடலை. இரண்டு நாள் ஓய்வு முடிந்து சொருகினால் கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக நாலைந்து வரி இங்கிலீஷ்.

பஜாரில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். ஃபார்மட் அடித்தால் புதிதாகிவிடும், உள்ளே இருப்பது போய்விடும் என்றார்களாம். துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி வந்தவரை நான் வாசலிலேயே மறித்துக் கேட்டேன். சொன்னார்.

"நாப்பத்தொரு வசவும் போனாப் போகட்டும், அன்னத்தாயி. வையாதது ஒண்ணு இருக்கு. அது மட்டும் கெடச்சாப் போதும்."

சங்கிலி மதினி வையாத ஒன்றா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதைக் கேட்காமல் சாவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

என் வீட்டு மாடியில் மகிமா குடியிருக்கிறாள். போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். எங்கோ கடல் தாண்டி இருக்கிற கம்ப்யூட்டர்களை இங்கே இருந்தபடியே கவனித்துக்கொள்கிற வேலை. அவள் அறைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஏழு மாதமாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். துண்டோடு சேர்த்து அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஏறினேன். (ஒரு மேசை, இரண்டு திரை, சுவரில் பைபிள் வசனக் காலண்டர். ஏமாற்றம்தான்.)

மகிமா லேப்டாப்பின் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். உள்ளே ஓடுவது தன் வேலையில் தினமும் புழங்குகிற லினக்ஸ் என்று தெரிந்ததும் வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்தவள்போல் முகம் மலர்ந்தாள். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கிற ஒழுங்கு குலைந்துவிட்டது, எஃப்எஸ்சிகே என்ற கட்டளையைக் கையால் அடித்துச் சரிபார்க்கச் சொல்கிறது என்று வாசித்துச் சொன்னாள். அதுதான் அதுவே கேட்கிறதே, அடித்துவிடலாமே என்றார் அண்ணன்.

"அடிக்கலாம் ஐயா. ஆனா அடிபட்ட டிஸ்க்குல நேரா ரிப்பேர் பார்த்தா, இருக்கிறதும் போயிரும். மொதல்ல அப்படியே ஒரு நகல் எடுத்துக்குவோம். எது பண்ணுனாலும் நகல்லதான்."

வயரைப் பிடுங்கியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். முடிந்துவிட்டது என்று திரை சொல்லும்போதும் மெஷின் உள்ளுக்குள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கும், முறையாக அணைத்தால்தான் எழுதி முடித்துவிட்டுத் தூங்கும் என்றாள். அண்ணன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒரு பென்டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பி, சனிக்கிழமை காலையில் நகல் எடுக்க விட்டாள். மறுநாள்வரை ஓடியது. முரண்டு பிடிக்கிற இடத்தை விட்டுவிட்டு, மற்றதை முடித்து, பிறகு திரும்பி வந்து அந்த இடத்தை மெல்ல மெல்லக் கேட்டுப் பார்க்குமாம். நான் விஷயம் வாங்குவதும் அதே முறையில்தான் என்றேன். மகிமா சிரித்தாள், அண்ணன் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்ததும், காற்றோட்டமாக இருக்கும் என்று என் கூடத்துக்கே எல்லாவற்றையும் இறக்கினாள். டிஸ்க்கின் தலைப்பக்கம் கிழிந்துபோயிருந்தது. ஆனால் அதே பக்கத்தின் பிரதிகளை டிஸ்க் வேறு இடங்களிலும் ஒளித்து வைத்திருக்குமாம். அதில் ஒன்றைப் பிடித்து, நகலில் எஃப்எஸ்சிகே ஓடவிட்டாள். வரிகள் கடகடவென்று ஓடி நின்றன. கடைசியில் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்று ஒரு அறைக்குள் எதையெதையோ கொண்டுபோய்க் குவித்திருந்தது. எல்லாம் வெறும் எண்கள்.

"சாமான் இருக்கு ஐயா. பேருதான் போயிருச்சு. ஒவ்வொண்ணா கேட்டுத்தான் எது எதுன்னு கண்டுபிடிக்கணும்."

என் வாழ்நாளில் எனக்கென்றே வந்த வேலை அதுதான். முதல் எண்ணைத் தட்டினாள். ஆறு மாதமாகக் கேட்காத குரல் என் கூடத்துச் சுவரை அறைந்தது. "கேட்டது புளி, வந்தது மல்லி" என்றேன். மகிமா அதையே பெயராக அடித்தாள். அடுத்தது ரேஷன் கார்டு. கூடவே மழைச் சத்தம் கேட்டதால் அது இரண்டாவது ரேஷன் கார்டு, முதல் ரேஷன் கார்டு கோடையில். எந்த வசவு எந்த மாதம், யார் வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாள் என்று பிசகாமல் சொன்னேன். இவ்வளவும் எப்படி நினைவிருக்கிறது என்று மகிமா வியந்தாள். எனக்கு வேறென்ன வேலை?

பதினேழாவதைத் தட்டியபோது மதினி என்னையே வைதுகொண்டிருந்தாள். "அந்த அன்னத்தாயி காதுக்குத் திண்டுக்கல் பூட்டுதான் வாங்கிப் போடணும்" என்று தொடங்கிப் பெரிதாகப் போயிற்று. ஆக, இத்தனை காலம் என் பெயரைக் கேட்டும் கிளி பறந்திருக்கிறது. மகிமா உதட்டைக் கடித்துக்கொண்டு, என்ன பெயர் வைக்கட்டும் என்றாள். "திண்டுக்கல் பூட்டு" என்றேன். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்?

அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. தன் குரல் என் வீட்டிலிருந்து வருவதைக் கேட்டு மதினியே வந்து நின்றாள். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். நான்கு வருஷ மறதியும் வேண்டுமென்றே செய்தது என்பது அவளுக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மதினி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கதவோரம் உட்கார்ந்தாள். மீதியையும் கேட்டோம். ஒவ்வொன்று முடியும்போதும் அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். முப்பத்தெட்டு வசவு ஆயிற்று, மற்ற மூன்றும் டிஸ்க்கோடு போயிருந்தன. இன்னும் ஒரே எண்தான் பாக்கி. மகிமா தட்டுவதற்கு முன் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

முதலில் இலைச் சத்தம். பிறகு மதினியின் குரல், இத்தனை வருஷத்தில் நான் கேட்டேயிராத தணிவில்.

"பைக்குள்ள போனு ஓடுறது எனக்குத் தெரியாதாக்கும். எங்க ஆத்தா வீட்டுக் கொழம்புல உப்புக் கூடுனத இன்னிக்கும் சொல்லிக் காட்டுற ஆளு, தூக்குவாளியவா மறப்பீக? தெரிஞ்சுதான் வஞ்சேன். இன்னிக்கு வைய மாட்டேன். நாளைக்கு ஆபரேசன். சோறு கொண்டார ஆளில்லன்னு பட்டினியாக் கெடக்காதீக. மோர்மொளகா வறுத்து டப்பாவுல வச்சிருக்கேன். ஒத்தையில சாப்பிட ஒருமாதிரி இருந்துச்சுன்னா..."

அவ்வளவுதான். அதன்பின் சத்தமே இல்லை. மகிமா மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் அறுந்தது. டிஸ்க்கில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது, மீதி எழுதுவதற்குள் வயர் போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னாள். அண்ணன் மறுபடியும் தன் வலது கையைப் பார்த்தார்.  

கதவோரத்திலிருந்து காற்று மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஃபேனை நிறுத்தினேன்.

"எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள் மதினி. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினாள். "பேச முடியலன்னாலும் எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு இருப்பேன். நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க."

சாமி பாட்டும் இல்லை, சீரியலும் இல்லை. ஆறு மாதமாக ஒரு மணிக்கு அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது இந்த மனிதர் மோர்மிளகாய் கடிக்கிற சத்தம்.

அண்ணனின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போயிற்று. ரெக்கார்டரின் சிவப்புப் புள்ளி துணிக்குள் தெரிந்தது. மதினி அதைப் பார்த்தாள். டம்ளர் இருந்திருந்தால் தரையில் வைத்திருப்பாள். இல்லாததால், நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து, பைக்கு நேராகக் குனிந்து, சொன்னதையே முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள்.

அதை மகிமா அறுந்த துண்டோடு சேர்த்து ஒட்டி, மூன்று இடத்தில் நகல் வைத்தாள். மற்ற முப்பத்தெட்டுக்கும் நான் வைத்த பெயர். இதற்கு மட்டும் அண்ணன் தாமே ஒரு விரலால் தட்டினார், இடது கையால் திரையை மறைத்துக்கொண்டு. என்ன பெயர் என்று மகிமாவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். வாடகையை வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளுங்கள் அக்கா என்கிறாள்.

மறுநாள் ஒரு மணிக்கு மதினி போனோடு வாசல்படியில் உட்கார்ந்தாள். நான் சன்னலுக்கு உள்ளே தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்திவிட்டு, சன்னலையும் சாத்தினேன். அன்று இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான்.