அவள் மொழிபெயர்க்காத பத்தி

"கடைசிப் பத்தி எங்க?"

ஆந்தை கேட்டது அவ்வளவுதான். நோட்டரி அலுவலகத்தின் முன்னறையில் வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், கைப்பேசியில் வந்த அந்த வரியை ஒருமுறை படித்தாள். பிறகு உள்ளே எரிச்சல் மூள மறுமுறையும் படித்தாள்.

வீட்டில் அவளுக்கு மைக் என்று பெயர். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அமர்ந்தாலும் பெருங்கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதுபோலவே பேசுகிறாள் என்று அண்ணன் வைத்த பெயர் அது. ஆந்தையோ அவள் நேரில் கண்டிராத மனிதர். செயற்கைக் கால் செய்வோருக்காக, அளவு கணக்கிடும் ஒரு மென்பொருளைப் பல நாடுகளில் இருந்தபடி பலர் கூடி எழுதி, இலவசமாகத் தந்து வருகின்றனர். அந்தத் திட்டத்துக்குத் தமிழில் வந்துசேரும் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்து ஏற்கும் பொறுப்பு அவருடையது. தம் முகத்துக்குப் பதிலாக ஓர் ஆந்தையின் படத்தை வைத்திருந்தார்.

அந்த மென்பொருளை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பைத்தான் மைக் தமிழாக்கி அனுப்பியிருந்தாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய அண்ணி, செயற்கைக் கால் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவள். அங்கே ஓடியதும் இதே மென்பொருள்தான். "அது கம்பெனி சாஃப்ட்வேர். வெளிய எடுத்துட்டுப் போனா ஜெயில்தான்" என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார், அண்ணியும் நம்பிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மைக் அந்தக் கோப்பைத் திறந்து படித்தாள். எவரும் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அதில் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது! பூட்டே இல்லாத கதவின் முன்னால் ஒருத்தி தன் இளமையை எல்லாம் நின்று கழித்திருக்கிறாள். பூட்டவில்லை என்று எழுதியிருந்த மொழி அவளுக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு தடை அங்கே இல்லை. இந்த அநீதியை எண்ணி மைக் பல நாள் கொதித்தாள். அவள் சொல்லித் தெரிந்துகொண்ட அண்ணி வேலையை விட்டாள். இரண்டு அறை பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். மைக் உரிமக் கோப்பைத் தமிழாக்கினாள். ஆந்தை அதைச் சரிபார்க்கும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை ஏது? அச்சிட்டு அண்ணியின் கடைச் சுவரில் அன்றைக்கே ஒட்டிவிட்டாள்.

கடைசிப் பத்தி ஒன்று இருந்தது உண்மை. ஆங்கிலத்தில் அது முழுவதும் பெரிய எழுத்துகளில், காதருகே நின்று கத்துவதுபோல இருந்தது. இம்மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, எவ்வித உத்தரவாதமும் இல்லை, எந்தச் சேதத்துக்கும் ஆக்கியோர் பொறுப்பில்லை என்பது அதன் பொருள். கொடுத்த கையே கழுவிக்கொள்வதா என்று மைக்குக்கு ஆத்திரம் வந்தது. இதைப் படித்தால் அண்ணி மிரண்டுபோய்ப் பழைய முதலாளியின் வாசலுக்கே திரும்பிவிடுவாள் என்ற பயமும் வந்தது. ஆகவே அந்தப் பத்தியை விட்டுவிட்டு, அதன் இடத்தில் தன் உள்ளத்திலிருந்து இரண்டு வரிகளை எழுதினாள்: "இதனை ஆக்கியோர் உங்கள் பின்னே உறுதியுடன் நிற்கின்றனர். குறை கண்டால் கூறுங்கள், திருத்தித் தருவர்."

இப்போது ஆந்தைக்கு அவள் பதில் தட்டினாள்.

"அது சும்மா சட்டப் பூச்சாண்டிங்க. சாரத்த எழுதியிருக்கேன்."

"சாரமா? அவங்க பொறுப்பில்லன்னு சொல்றாங்க. நீங்க பின்னால நிக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. இது எந்த ஊர் சாரம்?"

"படிக்கிறவங்க பயப்படக் கூடாதுன்னு எழுதினேன்."

"அப்புறம் மொதல் வரியில, ஆங்கில மூலம்தான் சட்டப்படி செல்லும்னு ஒரு குறிப்பு போடணும். அதையும் காணோம்."

"தமிழ்ல எழுதினா செல்லாதா? ரெண்டாந்தரமா நாங்க?"

"அந்தக் கோபம் எனக்கும் உண்டுங்க. அதுக்குத் தனியா சண்ட போடலாம், நானும் வர்றேன். இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க எழுதினத நம்பி யாராவது வேல செய்றாங்களா?"

அன்று காலையில் வீட்டில் நடந்தது அவள் நினைவுக்கு வந்தது.

அன்று காலையில் அண்ணி நின்றபடியே சாப்பிட்டாள். பேருந்து நடத்துநர் ஒருவருக்கு அன்றைக்குக் கால் மாட்டவிருந்தாள். விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மறுநாள் அவருக்குப் பணிமனையில் மருத்துவப் பரிசோதனை. நடந்து காட்டினால் மறுபடியும் வண்டியில் ஏறலாம். "கண்ணாடிக் கிண்ணம் போட்டுப் பாத்துட்டியா?" என்று அண்ணன் கேட்டான். எஞ்சிய காலின் முனை பொருந்தி அமரும் இறுதிக் கிண்ணத்தை வார்ப்பதற்கு முன்னால் அதே அளவில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒன்றைச் செய்து மாட்டி, ஆளை நிற்கவைத்து, தோல் எங்கே நசுங்கி வெளுக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். "இந்தத் தடவ அது வேணாம். நாள் இல்ல. கம்ப்யூட்டர் அளவே போதும். அதான் இவ செவுத்துல ஒட்டியிருக்காளே, பின்னால நிக்கிறாங்கன்னு" என்றாள் அண்ணி. அதைக் கேட்ட மைக் என்ன செய்தாள்? பெருமையாகச் சிரித்தாள்!

இப்போது அண்ணியின் எண்ணை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கடையில் சாணை இயந்திரம் ஓடினால் கைப்பேசி அடிப்பது அண்ணிக்குக் கேட்காது. மீண்டும் அழைத்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். உள்ளறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"சார், நான் அவசரமாப் போகணும்."

நோட்டரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு? வீட்ல யாருக்காவது...?"

"ஒருத்தரோட காலு சார்."

"ஐயோ. எந்தக் காலு? அடியா?"

"இன்னும் மாட்டல சார். மாட்டுறதுக்குள்ள போகணும்."

பதிலுக்கு அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

பேருந்து நகர மறுத்தது. நகர்ந்தபோது நின்றது, நின்ற இடத்தில் ஆள் ஏற்றியது. கம்பியைப் பிடித்த கையை அவள் மாற்றிக்கொண்டே இருந்தாள். அவள் மனம் தன் பக்கத்து நியாயங்களை ஒவ்வொன்றாக மேடையேற்றிப் பார்த்தது. நன்மைக்காகத்தானே செய்தேன்? அண்ணியின் துணிச்சலுக்காகத்தானே? ஏழை எளியோர் தம் மொழியில் தம் உரிமையைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே? ஒவ்வொரு நியாயமும் நன்றாகத்தான் பேசியது. ஆயினும் பேசி முடித்ததும் ஒரு கேள்வி குறுக்கே எழுந்தது. மக்களுக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று அவர்களைக் கேளாமல் தீர்மானிக்கும் அதிகாரத்தை உனக்கு எவர் தந்தார்? அந்த அதிகாரத்தை முதலாளி எடுத்துக்கொண்டால் கொடுமை. தொண்டர் எடுத்துக்கொண்டால் அன்பா? அடுத்த நிறுத்தம் வருவதற்கு முன்பே படியில் இறங்கி நின்றாள்.

கடைக்குள் அவள் நுழைந்தபோது நடத்துநர் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கால் மாட்டியாகிவிட்டது. காற்சட்டையைத் தொடைவரை சுருட்டியிருந்தார். அண்ணி முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, வெள்ளைத் தூள் படிந்த கைகளை இடுப்பில் ஊன்றி மலர்ந்த முகத்தோடு நின்றாள்.

"ரைட்! போலாம், போலாம்!" என்று நடத்துநர் தமக்குத்தாமே குரல் கொடுத்து ஓரடி எடுத்து வைத்தார்.

"கழட்டுங்க! அண்ணி, அதக் கழட்டச் சொல்லுங்க!"

"ஏன்டி கத்துற? வாசல்ல கூட்டமா நிக்குது?"

"நான் தப்பா எழுதிட்டேன் அண்ணி. செவுத்துல இருக்கறது... அவங்க யாரும் பின்னால நிக்கல. அந்த அளவு சரியா இருக்கும்னு அவங்க சொல்லவே இல்ல. எந்த உத்தரவாதமும் இல்லன்னுதான் போட்டிருக்கு. நான்தான் மாத்திட்டேன்."

அண்ணி சுவரைப் பார்த்தாள். பிறகு மைக்கைப் பார்த்தாள்.

"மாத்திட்டேன்னா? தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"நீங்க பயந்துட்டா... திரும்ப அந்தாளுகிட்டயே போயிட்டீங்கன்னா..."

அண்ணியின் குரல் உயரவில்லை. அதுதான் மைக்கால் தாங்க முடியாததாக இருந்தது. "அவரும் இதத்தான் சொல்வாரு. 'உனக்கு இதெல்லாம் புரியாதும்மா, நான் பாத்துக்கறேன்.' நீ எனக்கு லைசென்ஸ மாத்தித் தரல. மொதலாளிய மாத்திக் குடுத்திருக்க."

நடத்துநர் குழாயைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, குடும்பச் சண்டைய எறங்கிப் போடுங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு யாராவது சொல்றீங்களா?"

"உக்காருங்கண்ணே" என்றாள் அண்ணி.

கால் கழன்றது. உள்ளுறையை உருட்டி இறக்கினாள். எலும்பின் முனைக்கு நேராகத் தோல் நாணய அகலத்துக்கு வெளுத்து, சுற்றிலும் சிவந்திருந்தது. அண்ணி கட்டைவிரலால் மெல்லத் தொட்டதும் அவர் பல்லைக் கடித்தார்.

"வலிச்சுதா?"

"லேசா. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி."

"ஏன் சொல்லல?"

அவர் கூரையைப் பார்த்தார். "சொன்னா கால வாங்கி வச்சிக்குவீங்களேன்னு."

அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! இந்த ரூம்ல ஒருத்தராவது முழுசாப் பேசுவீங்களா?"

செய்தது என்ன, செய்ய வேண்டியது என்ன என்று அவருக்கு அவள் விளக்கினாள். இந்தக் கிண்ணம் ஆகாது. கண்ணாடிக் கிண்ணம் வார்த்து, நிற்கவைத்துப் பார்த்து, அதன் பிறகே இறுதிக் கிண்ணம். நாளைக்குள் முடியாது.

"ஒரு நாள் தாங்கிக்கிறேம்மா. நாளைக்கு டாக்டர் முன்னால நடந்து காட்டிட்டு நேரா இங்க வந்து குடுத்துடுறேன். டிக்கெட் கிழிக்கிற கை, ஆபீஸ் சீட்டுல உக்காந்து கணக்கு எழுதிட்டிருக்கு. என்னால முடியல."

மைக்குக்கு நெஞ்சில் ஒரு முழுச் சொற்பொழிவு திரண்டது. உடல் நலம், பொறுமை, உழைப்பாளியின் மாண்பு என்று அது வரிசை கட்டி நின்றது. அவள் அதை விழுங்கினாள். கைப்பேசியில் உரிமக் கோப்பைத் திறந்து, தான் விட்டுவிட்ட பத்தியை ஒவ்வொரு வரியாக, ஒன்றையும் குறைக்காமல் ஒன்றையும் மெருகேற்றாமல், அவருக்குத் தமிழில் சொன்னாள்.

அவர் கேட்டு முடித்தார். "சரி. செஞ்சவங்க பொறுப்பில்ல. அப்போ புண்ணாயிடுச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான்" என்றாள் அண்ணி. "வேற யாரும் இல்லன்னு இப்பத்தானே தெரியுது. அதனாலதான் இது கடைய விட்டுப் போகாது."

'நான்' என்ற அந்த ஒரு சொல்லை அண்ணி அவ்வளவு எளிதாகச் சொன்னது மைக்கைக் கூசவைத்தது. எந்தப் பத்தி அண்ணியை ஓடவைக்கும் என்று மைக் அஞ்சினாளோ, அந்தப் பத்தியைக் கேட்டுவிட்டுத்தான் அவள் இடத்தைவிட்டு அசையாமல் நிற்கிறாள்.

நடத்துநர் பணிமனைக்குப் பேசினார். நாளைக்கு வர இயலாது என்றார், காரணம் சொன்னார், "ஆமா சார், சரி சார்" என்று நெடுநேரம் கேட்டுக்கொண்டார். கைப்பேசியைப் பையில் போட்டபோது முகம் இறுகியிருந்தது.

"அடுத்த லிஸ்டுல பாக்கலாமாம். எப்பன்னு சொல்லல." மைக்கைப் பார்த்தார். "உன்ன நல்லாத் திட்டணும்போல இருக்கும்மா. ஆனா ஓடியாந்து வேற சொல்லிட்ட. எப்படித் திட்டுறது?"

"திட்டுங்கண்ணே."

"போம்மா. எழுது மொதல்ல. அந்தப் பத்தி சரியா ஆனத என் கண்ணால பாத்துட்டுத்தான் இந்த எடத்த விட்டு எந்திரிப்பேன்."

அவள் அண்ணியின் கணினியின் முன் அமர்ந்தாள். ஆங்கில மூலமே சட்டப்படி செல்லும் என்ற குறிப்பை, பல்லைக் கடித்துக்கொண்டு, தலைப்பில் எழுதினாள். பிறகு கடைசிப் பத்திக்கு வந்தாள். பெரிய எழுத்துகளின் அந்தக் கூச்சலைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் பத்தி முழுவதையும் தடித்த எழுத்தாக்கினாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். நடத்துநர் ஊன்றுகோல்களின்மேல் சாய்ந்து, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து வாய்விட்டுப் படித்தார்.

"'ஆக்கியோர் யாவரும் பொறுப்பினின்று தம்மை விடுவித்துக்கொள்கின்றனர்.' ஏம்மா, மேடையில மால போடப் போறியா? சாதாரணமாச் சொல்லு."

அவள் அழித்துவிட்டு எழுதினாள்: இதைப் பயன்படுத்துவதால் என்ன கேடு நேர்ந்தாலும் இதைச் செய்தவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அவர் இன்னொருமுறை படித்தார். "புரியுது. புடிக்கல. ஆனா புரியுது."

அவள் ஆந்தைக்கு அனுப்பினாள். அவருடைய பதில் வரும்வரை சுவரில் இந்த முறை எதையும் ஒட்டுவதில்லை என்று முடிவு செய்தாள். உட்கார முடியவில்லை, எழுந்து சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"நடந்தது போதும், இந்த டேப்பப் புடி" என்றாள் அண்ணி. நடத்துநரின் முன்னால் முழந்தாளிட்டு அமர்ந்து, சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். "நீட்டுங்கண்ணே. இந்தத் தடவ எங்க வலிச்சாலும் வாயத் தொறந்து சொல்லணும்."

"இப்பவே வலிக்குதும்மா."

"எங்க?"

அவர் விரலால் காட்டினார். அண்ணி அங்கே இன்னொரு வட்டம் போட்டாள்.