ஸ்பீக்கருக்கு ஓர் இடம்

அவனை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு இப்படி ஒரு பெயரா என்று யாராவது கேட்டால் அவனே முதலில் சிரிப்பான். பெரிய அளவு மாடல் ரயில் எஞ்சின்களுக்குள் சத்தம் பொருத்துவது அவன் பிழைப்பு. டீகோடர் என்று ஒரு மின்பலகை, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதையும் ஒரு ஸ்பீக்கரையும் உள்ளே வைத்து மோட்டாரோடு இணைத்துவிட்டால் முழ நீள எஞ்சின் நிஜ எஞ்சின் மாதிரி மூச்சு வாங்கும், சீறும், ஊரைக் கூட்டும். ஊமையாக வரும் எஞ்சினை வாயாடியாக்கி அனுப்புவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பழக்கமும் அவனுக்குக் கிடையாது.

அவனுடைய அண்ணன் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுத்தவர். பல் செதுக்கும் அதே ஊசிகளையும் அரங்களையும் வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் உட்கார்ந்து பித்தளையில் ஒரு எஞ்சின் செய்தார். டிரைவர் நிற்கும் கேபினுக்குள் நூல் நூலாகக் குழாய்கள், கடுகளவு கைப்பிடிகள், அரிசி நீளத்தில் நீர்மட்டக் குழல், நிஜமாகவே திறந்து மூடும் நெருப்புக் கதவு. எஞ்சின் முடிந்த மறு வருடமே அவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடியது. முதலில் ஒரு கண், பிறகு மற்றது. பதினான்கு மாதத்தில் இரண்டும் போய்விட்டன.

அதற்குப் பிறகு அண்ணன் பேச்சையே சுருக்கிக்கொண்டார். அண்ணிதான் போனில் அழுதாள்.

"பாக்க முடியல தம்பி. காலையில உட்காந்தா அந்த எஞ்சினை மடியில போட்டுக்கிட்டு அப்படியே இருக்கார். கூப்பிட்டாலும் காதுல விழறதில்ல. சித்தம் கலங்கிடுமோன்னு பயமா இருக்கு. ஏதாவது பண்ணுங்களேன்."

விசிலுக்கு அப்போதே பொறி தட்டியது. கண் போனால் போகட்டும், காது இருக்கிறதே! உலகத்தில் எத்தனையோ பேருடைய எஞ்சினைப் பேச வைத்தவன், சொந்த அண்ணன் எஞ்சினை இத்தனை நாள் ஊமையாக விட்டுவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அண்ணன் சுலபத்தில் கொடுக்கவில்லை. "எதுக்குடா? அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"ஒரு தடவை கேட்டுப் பாருண்ணே. அப்புறம் சொல்லு."

"எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா?" அவர் எஞ்சினின் முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். "சரி, ஆசைப்படற. பாத்துச் செய்."

பட்டறையில் பிரித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. எடை வேண்டும் என்று அண்ணன் பாய்லர் முழுக்க ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தார். எஞ்சினின் இரு பக்கத் தண்ணீர்த் தொட்டிகளிலும் ஈயம். விரல் நுழைய இடமில்லை. மிச்சம் இருந்தது கேபின் மட்டும்தான்.

வெளியாள் எஞ்சினாக இருந்தால் விசில் முதலில் போன் போட்டுக் கேட்பான். நாலு பக்கமும் படம் எடுப்பான். கழற்றிய ஒவ்வொரு துண்டையும் தனிப் பையில் போட்டு எண் எழுதுவான். இது அண்ணன் எஞ்சின். அண்ணனிடம் என்ன கேட்பது? பார்க்கிறவர்களுக்காக வைத்த சாமான்தானே இதெல்லாம், இனிமேல் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. பாவி, அது எவ்வளவு கெட்ட நினைப்பு என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. பற்றவைத்த இடங்களை உருக்கச் சூட்டுக்கோலை வைத்தான். குழாய்கள் நெளிந்துகொண்டு வந்தன, கைப்பிடிகள் உதிர்ந்தன, நெருப்புக் கதவு கீலோடு பெயர்ந்தது. ஒயர்த் துணுக்குகளோடு எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினான். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வந்து போனது.

கேபினை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி உட்கார்ந்தது. அதற்குள் ஸ்பீக்கர், டீகோடர். சத்தத்துக்கு மட்டும் பதினாறு நாள் மெனக்கெட்டான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு மூச்சு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிரேக் கிறீச்சிடுவது, தண்ணீர் ஏறுவது, கரி அள்ளிப் போடுவது எல்லாம் அசலாக வந்தன. அவன் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வாரம் முடிந்த அன்று மத்தியானம் அண்ணன் முன்னால் மேஜையில், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும் உருளைகள்மேல் எஞ்சினை ஏற்றி வைத்தான். பொத்தானை அழுத்தினான். எஞ்சின் மெல்லப் பெருமூச்சு விட்டது. அண்ணனின் தலை நிமிர்ந்தது.

"டேய்..." என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அண்ணி வாசற்படியிலேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசிலுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் இருக்குண்ணே, கேளு," என்று அடுத்த பொத்தானை அழுத்தினான். கரி அள்ளும் சத்தம். இரும்புத் தட்டில் மண்வெட்டி உரசி, கரி சரிந்து விழுந்தது.

அண்ணனின் கை தன்பாட்டில் நீண்டது. எத்தனையோ தடவை போய்வந்த வழிபோல ஆள்காட்டி விரல் நேராகக் கேபினுக்குள் போனது, நெருப்புக் கதவைத் திறக்க.

விரல் முட்டி நின்றது. மேலே போனது, பக்கவாட்டில் போனது, மூலைக்குப் போனது. வழவழவென்று ஒரே சுவர். இன்னொரு கையும் வந்தது. பத்து விரலும் அந்தச் சின்ன இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தேடின. கரி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"இங்க இருந்ததெல்லாம் எங்கடா?"

"ஸ்பீக்கருக்கு இடம் இல்லண்ணே. அதான்..."

"எடுத்து வெச்சிருக்கியா? குடு. ஒட்ட வேணாம். சும்மா ஒரு டப்பாவுல போட்டுக் குடு, போதும்."

விசில் ஏதாவது ஒரு பொய் அகப்படுமா என்று பார்த்தான். அகப்படவில்லை.

"இல்லண்ணே. தூக்கிப் போட்டுட்டேன்."

அண்ணன் கத்தியிருந்தால் தேவலை. கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருந்தால் இன்னும் நல்லது. அவர் நிதானமாக, பக்கத்து வீட்டு விஷயம்போலச் சொன்னார்:

"காலையில உள்ள ஏறுவேன்டா. இடது பக்கத்துக் குழாய்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே போவேன். எதை எப்ப வெச்சேன், எதுல கை நடுங்கிச்சு, எதைத் திரும்பப் பண்ணினேன், எல்லாம் விரலுக்குத் தெரியும். கடைசியா கதவைத் திறந்து மூடறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். மூணு வாரமா விரலை மடக்கி நாளை எண்ணிக்கிட்டிருந்தேன்."

விசில் எஞ்சினை நிறுத்தினான். தூக்கிப் போட்டதையெல்லாம் இனி அவர் கையால் திரும்பச் செய்ய முடியாது. அவனாலோ எந்தக் காலத்திலும் முடியாது.

அண்ணன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"மணி என்னடா?"

"மூணேகால்ண்ணே."

"இன்னும் மூணேகால்தானா," என்றார்.