ஈரத் தலை

படகை இழுத்து இழுத்து லெபேனேவுக்குக் கை சிவந்துவிட்டது. காயலில் முழங்கால் தண்ணீர்தான், ஆனால் அடியில் சேறு. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் புதையும். படகுக்குள் அப்பா மல்லாந்து கிடந்தார். கரையில் ஆட்கள் தெரியத் தொடங்கியதும் நின்றுவிட்டாள். தன் மேல்துணியை அவிழ்த்து அவர் தலையைத் துவட்டினாள். நரைத்த சுருட்டை முடி, அதில் புகுந்த தண்ணீர் லேசில் போவதாயில்லை. தாடியைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள்.

"சீக்கிரம் காஞ்சிருங்கப்பா," என்றாள் அவரிடமே.

இடுப்புக்குக் கீழே ஈரமிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. மீன்பிடிக்கிறவன் அப்படித்தான் இருப்பான். தலைதான் வம்பு.

மீன்கூடு பார்க்கப் போன அப்பா டோக்பே இன்னும் திரும்பவில்லையே என்று தேடிப் போனவள், முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்துகிடந்த அவரைத்தான் கண்டாள். நெஞ்சடைத்து விழுந்தாரா, விழுந்து மூச்சுமுட்டிப் போனாரா, கூட்டுக்குள் இருந்த மீனுக்குத்தான் வெளிச்சம். ஊருக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. முகம் தண்ணீருக்குள் இருந்தால் அது தண்ணிச்சாவு. தண்ணிச்சாவுக்காரன் வாசல் தாண்டக் கூடாது. மேளம் இல்லை, ராத்திரி காவல் இல்லை. காயலோரப் புதரில் குழிதோண்டி மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் தனக்கு இடம் விடச் சொல்லிச் சொல்லியே வயதானவர் அப்பா. அவரைப் புதரில் போட்டால் அவளால் தாங்க முடியாது.

மணலில் பாய் விரித்து, வாசலுக்கு வெளியே அவரைக் கிடத்தினார்கள். குடும்பத்துக்குப் பெரியவர் ஃபோலி பெரியப்பா சாராயக் குப்பியோடு வந்து நின்றார்.

"எப்படி கெடந்தான்?"

"படகுல சாஞ்சி உக்காந்திருந்தாரு பெரியப்பா."

"முகம் தண்ணில பட்டுச்சா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லு. செத்தவங்களும் கேட்டுக்கிட்டிருக்காங்க."

"படல பெரியப்பா."

அவர் முன்னோருக்கென்று மணலில் கொஞ்சம் சாராயம் ஊற்றினார். கூட்டத்தில் ஒருவன், "முழங்கால் தண்ணில டோக்பேக்கு என்ன ஆயிரும்? அவன் குடிச்ச சரக்குக்கு இந்தக் காயலே பத்தாது," என்றான். நாலைந்து பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சரி. கஃபுயி வந்து பாக்கட்டும்," என்றார் பெரியப்பா.

செத்தவரைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் கூடப்பிறந்த மூத்தவள்தான். அது முறை. ஆனால் கஃபுயி அத்தை இந்த வாசலை மிதித்து வருஷக்கணக்காகிறது. அவள் மகன் சேனியோ கடலுக்குப் போய்ப் பிணமாகக் கரை ஒதுங்கியபோது, இதே வாசலில் குறுக்கே நின்று, உள்ளே கொண்டுவரக் கூடாது என்று மறித்தவர் அப்பா. சேனியோ காயலோரப் புதருக்குத்தான் போனான். அன்றைக்கு அறுந்த பேச்சு.

அத்தை வரும்வரை லெபேனேவுக்குக் கால் தரிக்கவில்லை. கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து வேறு குச்சியில் கட்டினாள். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள். சுருட்டி வைத்த மேல்துணியை எடுத்தாள், பானைக்குப் பின்னால் தள்ளினாள், மறுபடி எடுத்தாள்.

"ஒரு எடத்துல குந்துடி, தலை சுத்துது," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மீன் சுடும் அடுப்பிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள் அத்தை. கண் சிவந்திருந்தது புகையாலா, வேறு எதனாலா, தெரியவில்லை. வந்தவள் நேரே தம்பியின் பக்கத்தில் குந்தினாள். லெபேனே தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். அத்தை தாடையை அழுத்தி வாயைப் பார்த்தாள். நகங்களைப் பார்த்தாள். முடிக்குள் விரல்விட்டு அளைந்தாள். பிறகு சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுச் சுழற்றி எடுத்தாள்.

விரல் நுனியில் பச்சையாக ஒரு நூல் பாசி.

கூட்டத்துக்கு அவள் முதுகு மறைத்தது. பார்த்தது லெபேனே மட்டும்தான். அத்தை பாசியை விரலிடுக்கில் வைத்து உருட்டினாள். அண்ணாந்து லெபேனேவின் வெறும் தோளைப் பார்த்தாள், அக்குளில் இடுக்கியிருந்த துணியைப் பார்த்தாள்.

"சேனியோ தலையும் அன்னிக்கு வெயில்ல காஞ்சுதான் கெடந்துச்சு," என்றாள் மெல்ல. "என் தம்பி கேட்டான். நான் உள்ளதச் சொன்னேன்."

"அத்தே..."

"என்ன கஃபுயி, என்னான்னு சொல்லு," என்றார் பெரியப்பா.

அத்தை தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைச் சொன்னாலும் அது நியாயம் என்றுதான் லெபேனேவுக்குப் பட்டது. அதனாலேயே பயம் இன்னும் கூடியது.

அத்தை அவருடைய தாடியை ஒரு தரம் கையால் நீவிவிட்டாள். பாசியை இடுப்பு முடிச்சில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"காதெல்லாம் காஞ்சிருக்கு. படகுலதான் போயிருக்கான். கதவத் தெறங்க."

கதவு திறந்தது. தோள்கள் கூடின. உள்ளே யாரோ மேளத்தைத் தட்டிப் பதம் பார்த்தார்கள். பாயோடு அப்பா வாசல் தாண்டிப் போனார். அத்தை மட்டும் வெளியே நின்றாள்.

"உள்ள வாங்க அத்தே."

"நீ போ. போயி வேற துணி கட்டு. அது ஈரமா இருக்கு."

அறைக்குள் துணி மாற்றும்போது சன்னல் வழியே லெபேனே பார்த்தாள். அத்தை அடுப்புப் பக்கம் போகவில்லை. காயலோரப் புதரைப் பார்த்து நடந்தாள். மேளம் தொடங்கிவிட்டது, அவள் திரும்பவில்லை. ஒரு கல்லோ குச்சியோ அடையாளமில்லாத மணலில், தேடாமல், நேராக ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.