முற்றத்தில் ஒரு முக்காலி

மூன்று வாரமாகச் சயிரா புகைபோக்கியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். காது கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அடுப்புக் கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடித்தது. விடிந்தால் முற்றத்துப் பனியில் கறுப்புச் செதில்கள் கிடந்தன. அவள் குழந்தை ஐதாயின் தொட்டிலுக்கு இரண்டு முழம் மேலே சுவரில் தார் போல ஒரு கறை இறங்கிக்கொண்டிருந்தது. புகைபோக்கி அந்தச் சுவருக்குள்தான் ஏறிப் போகிறது. உள்ளே அப்பியிருக்கும் கரி பற்றிக்கொண்டால் முதலில் வெடிப்பது அந்தச் சுவர்தான். தொட்டிலை நகர்த்தலாம் என்றால் மற்ற அறைகளில் வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. நாரின் என்ற அந்த மலைப் பள்ளத்தாக்கின் குளிர் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

அவளுக்குத் துடைக்கத் தெரியாதா என்ன? தாய்வீட்டில் பனிக்காலத்துக்கு இரண்டு தடவை கூரையேறி, கயிற்றில் இரும்புக் குண்டும் துடைப்பமும் கட்டி இறக்கி, கரியைப் பொலபொலவென உதிர்த்தவள் அவள்தான். ஆனால் இது புகுந்த வீடு. மாமனார் கீழே உட்கார்ந்திருக்க, மருமகள் அவர் தலைக்கு மேலே நடப்பதாவது? அவர் பெயரைக்கூட அவள் வாயால் சொல்லக்கூடாது. ஏசென்பாய் கிழவரோ முழங்கால் மடங்காத மனிதர். காலையில் அடுப்போரம் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் இருட்டும் வரை அசைய மாட்டார்.

பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். மகன் இருக்கும்போது ஊரான் எதற்கு என்றார். அந்த மகன் மக்சத் மாஸ்கோவில் கட்டிட வேலையில் இருக்கிறான். போனில் அவனிடம் அழாத குறையாகச் சொன்னாள். அப்பாவைக் கேள் என்றான். அப்பாவைக் கேட்டாள். உருளைக்கிழங்குத் தோலைப் போடு என்றார்.

எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் உருளைக்கிழங்குத் தோலில் வந்து நின்றது. காயவைத்த தோலை எரித்தால் அந்தப் புகையே கரியைத் தின்றுவிடுமாம். ஊரே அதைத்தான் சொன்னது. சரி என்று அவளும் மூன்று வாரம் எரித்துப் பார்த்தாள். கறை இன்னும் ஒரு சாண் இறங்கியதுதான் மிச்சம்.

“தோல் போட்டா கரி கொஞ்சம் இளகும் மாமா, அவ்வளவுதான். தொடைச்சாத்தான் கீழ விழும். நீங்களே முன்னாடி வருஷா வருஷம் ஏறித் தொடைப்பீங்களாமே, உங்க மகன் சொன்னாரு.”

“அப்ப முழங்கால் இருந்துச்சு, ஏறினேன். இப்ப தோல் இருக்கு, போடுறேன்.”

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. அந்தச் சுவரும் தாங்காது.

வியாழக்கிழமை மதியம் ஆடுகளுக்கு வைக்கோல் போடப் போனாள். இவள் வாயை அடைக்க அதுதான் சமயம் என்று கிழவர் நினைத்தார் போலும். அவள் சேர்த்து வைத்திருந்த தோல் மூட்டையை அப்படியே அடுப்பில் கவிழ்த்து, மேலே காய்ந்த பாப்ளார் விறகையும் அடுக்கி, நன்றாக எரியட்டும் என்று அடுப்புக் கதவையும் கீழிருந்த சாம்பல் கதவையும் திறந்துவிட்டார்.

தொழுவத்திலேயே அவளுக்குக் கேட்டது. மேட்டில் லாரி ஏறுவது போல ஒரு உறுமல். நிமிர்ந்தால் புகைபோக்கி வாயிலிருந்து தீ ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. ஓடிப்போய்த் தொட்டிலிலிருந்து குழந்தையை வாரியெடுத்தாள். கிழவர் கையில் தண்ணீர் வாளியோடு அடுப்பெதிரே நின்றார்.

“வாளியைக் கீழ வைங்க. தண்ணி பட்டா செங்கல் வெடிச்சிடும். புள்ளையத் தூக்கிட்டு வெளிய போங்க.”

மாமனாரை அவள் ஏவியது அதுதான் முதல் தடவை. அவர் வாளியை வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். அவள் அடுப்புக் கதவையும் சாம்பல் கதவையும் அடித்துச் சாத்தி, இடுக்குகளில் நனைத்த கம்பளியைத் திணித்தாள். காற்று போகாவிட்டால் தீ எதைத் தின்னும்? வெளியே வந்து தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்தாள். அரைமணி நேரம் பனியில் நின்று பார்த்தார்கள். உறுமல் மெல்ல அடங்கியது.

கணவாய் தாண்டி வண்டி வந்தபோது தீ அணைந்திருந்தது. வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விரிசலைப் பூசித் துடைக்காமல் இதில் இனி ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விரிசல் தொட்டிலுக்கு நேர் மேலே விரல் நுழையும் அகலத்துக்கு இருந்தது. அதன் வழியே பொறி விழுந்து தொட்டில் மெத்தையில் உள்ளங்கையளவு கருகியிருந்தது. அதைக் கிழவரும் பார்த்தார். அன்றிரவு மூன்று பேரும் பக்கத்து வீட்டில் படுத்தார்கள்.

மறுநாள் காலை ஏசென்பாய் தன் வீட்டுக்குள் போய் முக்காலியைத் தூக்கிவந்தார். முற்றத்துப் பனியில் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தையை ஆட்டுத்தோல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

“உள்ள யாரும் இல்ல. ஏறு.”

அவள் ஏறினாள். குண்டை இறக்கி இழுத்தாள். எரிந்து பொரிந்த கரி கட்டிகட்டியாக விழுந்தது. கைகள் வேலை செய்தன, நெஞ்சு ஆறவில்லை. ஒரு முக்காலி, ஒரு மணி நேரம், இவ்வளவுதானா? இதற்கா மூன்று வாரம் கெஞ்சினாள்?

கீழேயிருந்து கிழவர் திரும்பாமலே கேட்டார்: “நிறைய வருதா?”

“வருது மாமா.”

“தோல் போட்டதுல இளகியிருக்கும்.”

சயிரா கயிற்றைப் பிடித்தபடி அவர் தொப்பியை மேலிருந்து பார்த்தாள். அந்த வீட்டில் அவரை அவள் மேலிருந்து பார்ப்பது அன்றுதான்.

“மெத்தை எதுல கருகிச்சு மாமா?”

அவர் கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக் குழந்தையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, அடுத்த மாதம் எந்தக் கிழமை ஏறப்போகிறாய் என்று மட்டும் கேட்டார்.