நகர்ந்த பந்தும் நகராத பந்தும்

எங்கள் முதலாளிக்கு இரண்டு வருடங்களுக்கு முன் முதுகுவலி வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடந்தால் முதலாளிக்கு என்ன மரியாதை? கோல்ஃப் மைதானத்தில் சேர்ந்துகொண்டார். முதுகுவலி போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தத்துவம் பிடித்துக்கொண்டது.

"ஆபீஸ்ல எவனும் நடிப்பான். புல்லு மேல நடிக்க முடியாது" என்பதுதான் அந்தத் தத்துவம். இந்த ஆட்டத்தில் கூடவே ஓடிவர நடுவர் கிடையாது. குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் தள்ளுபவன் ஜெயித்தவன். தரையில் கிடக்கும் பந்து நம் காலோ மட்டையோ பட்டுத் தெரியாமல் அசைந்துவிட்டால், நாமே ஒப்புக்கொண்டு ஒரு அடியைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ள வேண்டும். பந்தையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். காற்றில் நகர்ந்தால் குற்றமில்லை. காற்றா காலா என்பது அவனவன் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம். ஆகவே, எங்கள் பம்பு தொழிற்சாலையின் அடுத்த மேலாளரை மைதானத்தில் வைத்தே தேர்ந்தெடுப்பது என்று முதலாளி முடிவுசெய்தார்.

போட்டியில் இருந்தது இரண்டு பேர். ஒருவன் நான், தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவன். பம்பைத் தண்ணீரில் ஓடவிட்டு, ஒழுகினால் ஒழுகுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பத்தொன்பது வருடப் பிழைப்பு. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. மற்றவன் விற்பனைப் பிரிவின் தலைவன். அவன் குழைகிற குழைவுக்குத் தொழிற்சாலையே அவனுக்கு வெண்ணெய் என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பதவி எனக்கு வேண்டும். ஆசைதான், மறைக்கவில்லை. வெண்ணெய்க்குக் கீழே கைகட்டி நிற்பதை நினைத்தாலே வயிறு எரிந்தது.

இருவரும் இரண்டு வாரம் பயிற்சி எடுத்தோம். நான் பந்தை அடிக்கப் பழகினேன், விதிப்புத்தகத்தையும் கரைத்துக் குடித்தேன். வெண்ணெய் பழகியது வேறு என்பது, முதலாளியும் எங்களோடு சேர்ந்து ஆடிய போட்டி நாளில், முதல் குழியிலேயே தெரிந்தது. மட்டையைப் பந்தருகே வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"சார், என் பந்து நகர்ந்துடுச்சு."

"எவ்வளவு?" என்றார் முதலாளி.

"கடுகளவு சார். யாரும் பார்க்கல. ஆனா நான் பார்த்துட்டேனே."

முதலாளி பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

இரண்டாவது குழியில், குழியைச் சுற்றி மழித்துவிட்ட புல்லின் மேல், அவன் பந்து மறுபடியும் நகர்ந்தது. அந்த இடத்தில் தவறுதலாக அசைந்தால் தண்டனையே இல்லை, பந்தைத் திருப்பி வைத்தால் போதும் என்று புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. சொன்னால் நான் நேர்மைக்கு எதிரி ஆகிவிடுவேன். வாயை மூடிக்கொண்டேன். இல்லாத குற்றத்துக்கு வெண்ணெய் ஒரு அடி வாங்கிக்கொண்டான். நோட்டு மறுபடியும் வெளியே வந்தது.

மூன்றாவதில் என் பந்து உயரமான புல்லுக்குள் கிடந்தது. நான் நெருங்கும்போது லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

"நகர்ந்த மாதிரி இருந்துச்சு சார். என்னாலயா, புல்லு நிமிர்ந்ததாலயான்னு தெரியல."

"தெரியலன்னா என்னப்பா அர்த்தம்?"

"தெரியலன்னுதான் அர்த்தம் சார்."

வெண்ணெய் எனக்காக ஒரு பெருமூச்சு விட்டான். நோட்டு வெளியே வரவில்லை.

ஆறாவது குழி முடிவதற்குள் வெண்ணெய் இன்னும் நான்கு முறை குற்றத்தை ஒப்புக்கொண்டான். அப்படி ஒரு நிலைகொள்ளாத பந்தை நான் கண்டதில்லை. ஆட்டத்தில் அவன் தோற்றுக்கொண்டே போனான், நோட்டில் ஜெயித்துக்கொண்டே போனான். உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த நான் இரண்டிலும் இல்லை.

ஏழாவதில் என் பந்து ஈரமண்ணில் ஆணி அடித்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. பூகம்பம் வந்தாலும் அசையாது.

"சார், என் பந்து நகர்ந்துடுச்சு" என்றேன்.

பரிசோதனைத் தாளில் ஒரு பொய்கூட எழுதாதவன், முதல் பொய்யை நேர்மையானவனாகத் தெரிவதற்காகச் சொன்னேன். பின்னால் நின்ற முதலாளி "சபாஷ்" என்று நோட்டை எடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் அதைவிட வெட்கம்.

ஒன்பதாவதுதான் கடைசிக் குழி. முதலாளியின் பந்து ஒரு புல்புதருக்குப் பின்னால் வசமாக மாட்டியிருந்தது. அவர் மட்டையை ஆட்டிப் பார்த்தார். மட்டை பட்டது. பந்து ஒரு சாண் உருண்டு நல்ல இடத்தில் போய் நின்றது.

"காத்து" என்றார் முதலாளி. குழியில் நட்டிருந்த கொடி நனைந்த துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "காத்துதானே?"

"இல்ல சார்" என்றான் வெண்ணெய்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவனுக்குள் இப்படி ஒரு ஆண்மகனா?

"நான்தான் சார். பக்கத்துல நடந்தேன்ல, மண்ணு அதிர்ந்திருக்கும். மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

அவன் நின்றது பன்னிரண்டு அடி தள்ளி. கூட ஆடுபவன் தெரியாமல் அசைத்தால் யாருக்கும் தண்டனை கிடையாது, பந்தைப் பழைய இடத்தில் வைத்தால் போதும். செலவில்லாத பாவத்தைத் தேடிப் பிடித்திருந்தான். வேலிக்கு ஓணான் சாட்சி. முதலாளிக்குக் கண் கலங்கியது. பந்தைப் பழைய இடத்தில் வைப்பது மட்டும் இருவருக்கும் நினைவு வரவில்லை.

"நீ என்னப்பா பார்த்த?" என்று என்னைக் கேட்டார்.

காற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கண்ணெதிரே ஒழுகுவதை ஒழுகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உங்க மட்டை பட்டுச்சு சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே என் தோளில் கை வைத்தார்.

"நல்லா பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"ஏழாவது குழியில உன் பந்து நகர்ந்துச்சுன்னியே, அதையும் இப்படித்தான் பார்த்தியா? நான் உன் பின்னாடிதான் நின்னேன். அது நகரல."

வெண்ணெய் வானத்தைப் பார்த்தான். அவர் சொன்னது உண்மை. அந்த மனிதர் அன்று முழுக்கச் சொன்ன ஒரே உண்மை என்னைப் பற்றியதாக இருந்தது, அதுதான் எரிந்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து மேனேஜர் ரூம்ல உக்காரு" என்று வெண்ணெயிடம் சொல்லிவிட்டு, நல்ல இடத்திலிருந்த பந்தை அடித்துக் குழியில் போட்டார்.

ஒருவரின் அடிகளை மற்றவர் எண்ணி எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. முதலாளியின் அடிகளை எழுதும் அட்டை என்னிடம் இருந்தது.

"நாலு" என்றார்.

தண்டனையோடு சேர்த்தால் ஐந்து. பதவிதான் போய்விட்டதே, இனி எனக்கு என்ன பயம்? ஐந்து என்று எழுதியிருக்கலாம்.

நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.