காணி உறுதியும் கார்க்கியும்

ஞானாம்பிகை அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். சேலைகள் கட்டிலில் குவிந்து கிடந்தன.

"இஞ்சருங்கோ, என்ரை சீதனக் காணி உறுதியைக் கண்டனீங்களே?"

நாகலிங்கத்துக்குப் பிளேன்ரீ புரையேறியது.

"இப்ப என்னத்துக்கு உறுதி?"

"சும்மா பாக்கத்தான்."

முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஞானாம்பிகை எதையும் சும்மா பார்த்ததில்லை. அது நாகலிங்கத்துக்குத் தெரியும். உறுதிப் பத்திரம் அலுமாரியில் இல்லை என்பதும் தெரியும். இரண்டு கிழமையாக அது சுன்னாகத்துத் தரகர் சீவரத்தினத்தின் தோல்பையில் இருந்தது.

ஆறு பரப்புச் செம்மண், வற்றாத கிணறு. ஞானாம்பிகையின் தகப்பன் மகளுக்கு எழுதிக் கொடுத்த காணி. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி அது அவளுடையது. விற்பதென்றால் புருசனும் பெண்சாதியும் இருவருமே கையெழுத்து வைக்க வேண்டும். விலை பொருந்தட்டும், பிறகு சொல்லலாம் என்று நாகலிங்கம் இருந்துவிட்டார். கனடாவில் வீடு வாங்கத் துடிக்கும் மகன் தொலைபேசியில் கொஞ்சம் குரல் தழுதழுத்தால் தாயின் கையெழுத்து தானாக வந்துவிடும்.

அதற்குள் இவள் ஏன் உறுதியைத் தேடுகிறாள்? யார் தூண்டிவிட்டது?

சந்தேகம் நேராகக் கீரிமலைக்குப் போனது. அங்கே ஒரு மடத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கு வகுப்பு நடந்தது. விடயம், வேதகாலத்துப் பெண் ஞானிகள். நடத்துபவள் உதயகலா என்ற ஆசிரியை. கார்க்கி என்றொருத்தி அரச சபையில் எழுந்து யாக்ஞவல்கிய முனிவரைக் கேள்வியால் மடக்கிய கதையை ஞானாம்பிகை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதுவரை பிரச்சினை இல்லை. போன கிழமை வேறொருத்தி வந்தாள், மைத்திரேயி. காட்டுக்குப் புறப்பட்ட அதே முனிவர் தன் சொத்தை மனைவியருக்குப் பிரித்துத் தருகிறேன் என்றாராம். சாவில்லாத வாழ்வைத் தராத சொத்து எனக்கு எதற்கு என்று மைத்திரேயி கேட்டாளாம்.

இதைச் சொன்னபோது ஞானாம்பிகையின் கண் பளபளத்தது. நாகலிங்கம் பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்துவிட்டார். சொத்து வேண்டாமென்றால் அது யாருக்குப் போகும்? அவருடைய மாமி ஒருத்தி இப்படித்தான் கதை கேட்கப் போய், தோட்டக் காணியைக் கோயிலுக்குத் தருமசாதனமாக எழுதி வைத்துவிட்டு வந்தாள். பிள்ளைகளுக்குச் செத்தவீட்டில்தான் தெரிந்தது.

"உந்த வகுப்பிலை காணிக்கதை ஏதும் கதைக்கிறவையோ?"

"ஓம். போன கிழமை முழுக்க அதுதான்."

"ஆர் தொடங்கினது?"

"மைத்திரேயி," என்றாள் சேலையை மடித்தபடி. "கடைசியா உறுதியை நீங்கள்தானே எடுத்தனீங்கள்?"

"கனக்கக் கேக்காதையும். நான் தேடித் தாறன்."

ஞானாம்பிகை மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாகலிங்கத்துக்குத் துளியும் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளை வகுப்புக்கு ஏற்றிப்போக அவரே ஸ்கூட்டரை எடுத்தார்.

"இண்டைக்கு என்ன புதினம்?" என்றாள் ஞானாம்பிகை.

"கேணியிலை ஒருக்கா முழுகவேணும் போலை கிடக்கு."

தோளில் துவாயும் போட்டுக்கொண்டார். ஆனால் கேணிப் பக்கம் போகவில்லை. மடத்து யன்னலோரம் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே பாயில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒரு தாள் கைமாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாகக் கையெழுத்து வைத்தாள். தாள் ஞானாம்பிகையிடம் வந்தது. அவள் பேனையைத் திறந்தாள்.

நாகலிங்கம் செருப்போடு உள்ளே பாய்ந்து தாளைப் பறித்தார்.

அது வகுப்புக்கு வந்தவர்களின் வரவுப் பதிவு.

"வாங்கோ அண்ணை," என்றாள் உதயகலா. "நீங்களும் வகுப்புக்குச் சேரப் போறியளோ? செருப்பை மட்டும் வெளியிலை விடுங்கோ."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாகலிங்கத்துக்கு முகம் சிவந்தது.

"வெளிப்படையாக் கேக்கிறன், பிள்ளை. இவவின்ரை காணியை மடத்துக்கு எழுதச் சொன்னனீங்களோ?"

"மடத்துக்கோ? உந்தக் கூரை ஒழுக்குக்கே நாங்கள் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

ஞானாம்பிகை எழுந்தாள்.

"ரீச்சர், மைத்திரேயியைப் பற்றி யோசிச்சுக்கொண்டு வரச் சொன்னனீங்கள். நான் யோசிச்சனான். வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு அவவை ஒருத்தராவது கேட்டவர். என்ரை காணிக்கு அளவுநாடாவோடை வந்தவை என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

நாகலிங்கம் துவாயை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். முழுகாத துவாய்தான், ஆனாலும் நனைந்தது.

"இனி நான் கார்க்கி மாதிரிக் கேக்கிறன்," என்று அவள் அவர் பக்கம் திரும்பினாள். "உறுதி எதிலை இருக்கு?"

"அலுமாரியிலை."

"அலுமாரியிலை இல்லை. எதிலை?"

"ஒரு உறையிலை."

"உறை எதிலை?"

"பையிலை."

"பை?"

"கனக்கக் கேக்காதையும்..."

மண்டபமே சிரித்தது. நாகலிங்கம் விழித்தார்.

"கோவிக்காதேங்கோ அண்ணை," என்றாள் உதயகலா. "தண்ணி எதிலை இருக்கு, காத்து எதிலை இருக்கு எண்டு கார்க்கி கேட்டுக்கொண்டே போக, முனிவரும் உதைத்தான் சொன்னவர். கனக்கக் கேட்டால் தலை விழுந்திடும் எண்டு."

ஞானாம்பிகை தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்ரை தலை இருக்கு. பை ஆரிட்டை?"

"சீவரத்தினத்திட்டை."

ஞானாம்பிகை தலையாட்டினாள்.

"காணியிலை குத்தகைக்கு வெங்காயம் நட்டிருக்கிற கீர்த்திகன் அண்டைக்கே வந்து சொன்னவன், அளக்க வந்தவையெண்டு. நீங்களாச் சொல்லுவியள் எண்டு ஒன்பது நாள் பாத்தனான்."

"பெடியனுக்காகத்தானே..."

"அவன் என்னட்டைக் கேக்கட்டும். நான் ஓம் எண்டும் சொல்லுவன். ஆனா அப்ப உறுதி என்ரை கையிலை இருக்கவேணும்."

வரவுப் பதிவை அவர் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்து வைத்தாள்.

"அடுத்த வெள்ளி வாறன், ரீச்சர். இஞ்சருங்கோ, ஸ்கூட்டரை எடுங்கோ. சீவரத்தினம் கந்தோரைப் பூட்டமுன்னம் சுன்னாகத்துக்குப் போகவேணும்."

ஸ்கூட்டர் தெல்லிப்பழைச் சந்திக்கு வந்தது. அங்கே அவள் முன்னால் சாய்ந்தாள்.

"இஞ்சருங்கோ, உறுதியைத் தவிர வேறை ஏதும் அந்தப் பையிலை இருக்கோ?"

நாகலிங்கம் ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம். விக்கச் சம்மதம் எண்டு நான் கையெழுத்து வைச்ச கடுதாசி."

"அதையும் வாங்குவம்," என்றாள் ஞானாம்பிகை. "வெளிக்கிடுங்கோ."