நஞ்சுண்டன் பேரில் ஒரு கன்னம்

"பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க நஞ்சுண்டன். கொடுக்கவே இல்லைன்னு பொய் சொல்லாதீங்க!"

"சத்தியமா நான் குடுக்கல லத்தீஃபா. யாரோ என் பேர்ல…"

"யாரோ வந்து உங்க பேர்ல கன்னத்தைக் காட்டிட்டுப் போனாங்களா? இதென்ன கள்ள ஓட்டா?"

அமெரிக்காவில், எங்கள் சான் ரமோனில், ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் சுவர்கள் மெலிசு. ஆனாலும் சுவர் வழியாகக் கேட்பது மரியாதை இல்லை என்பதால், கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நானே பக்கத்து வீட்டு நஞ்சுண்டன் சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு எலும்பு மஜ்ஜை கொடுப்பவர்கள் பட்டியலில் நம் ஊர் ஆட்கள் ரொம்பக் குறைவாம். நம் ஆளுக்கு நம் ஆளிடம்தான் பொருந்துமாம். அதனால் அந்த வருஷம், 2007 பொங்கல் விழாவில், லத்தீஃபா ஒரு மேஜை போட்டாள். மருந்துக் கம்பெனியில் வேலை, கீழக்கரைக்காரி, விடமாட்டாள். வெள்ளிக்கிழமை மசூதி, சனிக்கிழமை கோயில், ஞாயிறு பொங்கல் விழா என்று சுற்றினாள். படிவம் எழுதி, கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். நானும் கொடுத்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

எட்டு மாசம் கழித்து நஞ்சுண்டனைக் கூப்பிட்டார்கள். முப்பத்துநாலு வயது, பெண், அவர் கன்னம் பொருந்துகிறது என்றார்கள். அந்தப் பெண்ணுக்குப் பேர் கிடையாது, ஊர் கிடையாது. கேட்டாலும் சொல்லமாட்டார்களாம். இவ்வளவு பெரிய ரகசியத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டுக்காரர்கள் எப்படித் தூங்குகிறார்களோ.

இவரோ "நான் கொடுக்கவே இல்லை" என்று ஃபோனை வைத்துவிட்டார். அவர்கள் மேஜை போட்ட லத்தீஃபாவிடம் சொல்ல, அவள் உடனே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"பட்டியல்ல வேற யாருமே பொருந்தல. நீங்க ஒருத்தர்தான். அந்தப் பொண்ணு செத்துப் போயிடுவா, புரியுதா?"

"இவருக்கு ஊசின்னா கொஞ்சம் பயம்தான் ஆன்ட்டி," என்று என்னிடம் ஆரம்பித்தாள் நஞ்சுண்டன் மனைவி கலாவதி.

"நீ சும்மா இரு!"

இவ்வளவு நடக்கும்போது கலாவதியின் அப்பா கிட்டுசாமி அங்கிள் டைனிங் டேபிளில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அறுபத்துமூன்று வயது, மனைவி போனபிறகு மகளோடு வந்துவிட்டவர். சாதாரணமாக எதிலும் கருத்துச் சொல்கிற மனுஷன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பீன்ஸ் மட்டும் பொடியாகிக்கொண்டே போனது.

கடைசியில் நஞ்சுண்டன் கையைத் தூக்கிவிட்டார். "சரி, குடுத்தேன்னே வெச்சுக்கோங்க. ஞாபகம் இல்லை. நாளைக்கே போறேன். என்ன எடுக்கணுமோ எடுத்துக்கட்டும்."

லத்தீஃபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அப்போது பார்த்து அங்கிள் கத்தியைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை போய்ப் பிரயோஜனம் இல்லை. அது என் கன்னம்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். அறுபதுக்கு மேல் ஆச்சு, வேண்டாம் என்று அன்றைக்கு மேஜையில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவருக்கு அவமானம். மாப்பிள்ளை படிவத்தை எழுதி அவர் கையில் கொடுத்து, க்யூவில் நிற்கச் சொல்லிவிட்டு, கிரிக்கெட் ஸ்கோர் கேட்க வெளியே போயிருக்கிறார். 'நஞ்சுண்டன்' என்று கூப்பிட்டார்கள். முறை போய்விடுமே என்று இவர் வாயைத் திறந்திருக்கிறார். குச்சி வைத்திருந்தது ஒரு சீனப் பெண். தலைக்கு டை அடித்திருந்த அங்கிளைப் பார்த்து அவளுக்கு என்ன வயது தெரியும்? மாப்பிள்ளை திரும்பி வந்ததும், முடிந்துவிட்டது, போகலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"கையெழுத்து?" என்றாள் கலாவதி.

"அதுவும் நான்தாம்மா. ஒரே வீடு, எந்தக் கன்னமா இருந்தா என்னன்னு நினைச்சேன். இப்பச் சொன்னா என் கிரீன் கார்டை நிறுத்திடுவாங்களோன்னு…"

"மாமா, ஒரு மணி நேரமா என்னைக் கோழைங்கறாங்க. நீங்க பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தீங்களா?"

லத்தீஃபா ஸ்பீக்கரில் பட்டியல்காரர்களைக் கூப்பிட்டாள். ஃபோனில் இருந்த அம்மாளுக்கு மூன்று தடவை விளக்கியும், கன்னம் ஒருத்தருடையது, பேர் இன்னொருத்தருடையது என்பது ஏறவில்லை. ஏறியதும் கிரீன் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கிளிடம் வயதைக் கேட்டாள், எடுக்க முடியாது என்றாள். கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா, நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்றாள்.

"நாலுல ஒண்ணா? எனக்கு இருக்கறதே ஒரு தம்பிதானே," என்றார் அங்கிள். அவர் குழப்பம் அவருக்கு.

அந்தத் தம்பி பிச்சுமணி, ஹூஸ்டனில். பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. கலாவதி கல்யாணப் பத்திரிகையில் அவர் பேர் விட்டுப்போனதுதான் காரணம். விட்டுப்போனதா விட்டார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அங்கிள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "நான் பேசறேம்ப்பா," என்ற கலாவதியைத் தடுத்துவிட்டுத் தானே அழுத்தினார்.

"டேய் பிச்சு, உனக்கு இப்ப என்னடா வயசு?"

ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "எதுக்கு? இப்பத்தான் பத்திரிகைல பேர் போடப் போறீங்களா?"

"முப்பத்துநாலு வயசுப் பொண்ணுடா. சாகக் கிடக்கறா."

"யாரு? கலாவா?" குரல் உடைந்துவிட்டது.

"கலா இல்லடா. யாருன்னு தெரியாது."

"யாருன்னே தெரியாத பொண்ணுக்காகவா எனக்கு ஃபோன் பண்றீங்க?"

"ஆமாம்."

"என் வயசு ஐம்பத்துநாலு. எங்க போகணும், சொல்லுங்க."

பொருந்தியது. அஞ்சு நாள் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்து கொடுத்தார் பிச்சுமணி. அங்கிள் ஹூஸ்டனுக்குப் பறந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் செய்வதெல்லாம் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மூன்று மாசம் கழித்து, அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தகவல் வந்தது. எந்த வீடு என்று வரவில்லை.

அங்கிள் அதற்குப் பிறகு சான் ரமோனுக்குத் திரும்பவில்லை. பெட்டியைப் பார்சலில் அனுப்பச் சொல்லிவிட்டுத் தம்பியோடேயே தங்கிவிட்டார். தினமும் சண்டையாம். நஞ்சுண்டன் தம்பதி 2008 கடைசியில் பக்கத்து ஊரான டப்ளினில் விலை விழுந்த வீடாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். லத்தீஃபா கணவர் கமாலுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து, அவர்களும் பிரிட்ஜ்வாட்டர் போய்விட்டார்கள். மகள் மலீஹாவுக்கு அங்கேயே நிக்காஹ், பையன் டாக்டர். நஞ்சுண்டன் வீட்டுக்கு ஒரு குஜராத்திக் குடும்பம் வந்திருக்கிறது. சத்தம் போட்டே பேசுவதில்லை.